தனிக்கடைக்குத் துணை யார்?

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்குத் திருக்குறளில் அடுத்தடுத்து வரும் இரண்டு அதிகாரங்களை எடுத்துக்கொள்வோம். 45ஆவது ‘பெரியாரைத் துணைக்கோடல்’, 46ஆவது ‘சிற்றினம் சேராமை’. இரண்டும் பொருட்பாலில், அரசியலில் வருகின்றன. அதனால் அரசனுக்குச் சொன்னது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் தைப்பிங்கில் தனியாகத் தொழில் நடத்தும் நம்ம பிள்ளைகளைப் பார்க்கும்போது, இது அவங்களுக்கே எழுதினது மாதிரி எனக்குத் தோணும்.

வீட்டில் கேக் செய்து விற்கும் தங்கை, பாசார் மாலாமில் கடை போடும் தம்பி, கமுண்டிங் பக்கம் ஏர்கோன் கழுவப் போகும் அண்ணன். எஸ்எஸ்எம்-இல் வருடத்துக்கு 60 வெள்ளி கட்டினால் கடைப் பெயர் பதிவாகிவிடும். அன்றிலிருந்து முதலாளியும் அவரே, கூலியாளும் அவரே. திறப்பு விழாவுக்கு மாலையோடு நிறைய பேர் வர்றாங்க. ஆறு மாசம் கழிச்சு சரக்குக்காரருக்குப் பணம் கட்ட முடியலேன்னா, அதை யார்கிட்ட சொல்றது? வீட்டில் சொன்னால் அம்மா பயந்துடுவாங்க. நண்பர்களிடம் சொல்ல வெட்கம். பல கடைகள் நஷ்டத்தால் மட்டும் மூடவில்லை, அந்த மௌனத்தாலும் மூடின என்பது என் எண்ணம்.

நம் முன்னோர் இதை எப்படிச் சமாளித்தார்கள்? பினாங்குக்கு வடக்கே, இதே மேற்குக் கரையில், தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. காலம் 9ஆம் நூற்றாண்டு. அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவிடமும் சேனாமுகத்தாரிடமும் விடப்பட்டிருந்தது. கடல் தாண்டி வந்த வியாபாரிகளுக்குச் சேர்ந்து காப்பாற்ற ஒரு குளம் இருந்தது, பாருங்கள். ‘நாங்க இருக்கோம்’ என்று வாயால் சொல்வது வேறு, நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று கரையைப் பார்த்துக்கொள்வது வேறு.

பேராக்கிலேயே இதைவிட நெருக்கமான பாடம் உண்டு. 1950களின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். பால் மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டக் கூலிக்கு 10 வெள்ளி சின்னக் காசு இல்லை. அப்படியும் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. தனித்தனியே பார்த்தால் அவர்களில் ஒருவருக்குக்கூட ஓர் ஏக்கர் வாங்கும் வசதி இருந்திருக்காது.

இன்றும் இதே கணக்குதான். 1987இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா, வங்காளதேசத்துக் கிராமீன் வங்கியின் முறையைப் பின்பற்றியது. ஐந்து பேர் ஒரு குழு, அடமானம் இல்லை, தவறாமல் கூட்டம். 2024இல் ‘பெண்’ திட்டத்தின் வழி இந்தியப் பெண்களுக்கு 5 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுறாங்க. எனக்கு அந்த ஐந்து பேர்தான் பெரிசாத் தெரியுது. ஒருத்தி ரெண்டு வாரம் வரலேன்னா மற்ற நாலு பேர் கேட்பாங்க இல்லையா?

இனி 46ஆவது அதிகாரத்துக்கு வருவோம். கூட்டம் என்றாலே நல்லது என்று நினைக்க வேண்டாம், நம்ம ஊர்ப் பெயரே அதற்குச் சாட்சி. லாருட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு கொங்சிகள், புதிதாக வந்திறங்கியவனுக்குச் சோறும் வேலையும் கொடுத்தன. அதே கொங்சிகள் 1861 முதல் 1874 வரை அவனைச் சண்டைக்கும் இழுத்துப் போயின. அந்தச் சண்டை ஓய்ந்த பிறகுதான் ‘நிலைத்த அமைதி’ என்ற பொருளில் தைப்பிங் என்ற பெயர் வந்தது. இன்றைய சிற்றினம் கத்தி தூக்குவதில்லை. ஹோட்டல் மண்டபத்தில் கைதட்ட வைத்து, உனக்குக் கீழே ஆள் சேர்க்கச் சொல்லும். இன்னொரு எச்சரிக்கை: நம்ம ஆட்களுக்குப் பழக்கமான கூட்டு பிடிக்கும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உதவி என்று நினைத்து அதில் இறங்காதீர்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது? என் யோசனை இது. கோயில் மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிறு, பூஜை முடிந்த பிறகு ஐந்து பேர் உட்காருங்கள். ஐவரும் ஒரே தொழில் செய்பவராக இருக்க வேண்டாம், போட்டி வந்தால் உண்மை வெளியே வராது. அதில் ஒருவராவது இருபது வருடம் கடை நடத்தியவராக இருக்கட்டும். துணைக்கோடல் என்று வள்ளுவர் சொல்வது இவரைத்தான். அவர் திட்டினாலும் கேட்டுக்கணும். ஒவ்வொருவரும் கணக்குப் புத்தகத்தோடு வரணும், வாட்சப்பில் கட்டைவிரல் காட்டுவது கணக்கில் சேராது. முதல் ஆறு மாதம் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்க வேண்டாம். நம்பிக்கை வளர்வதற்கு முன் காசு நடுவில் வந்தால் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பதிலாக வேலையைக் கொடுத்து வாங்குங்கள். தங்கை கேக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் தம்பியின் வேன் ஓடட்டும். தெக்குனின் ஸ்புமி கடனுக்கு மனு எழுதும்போது ஐவரும் சேர்ந்து சரிபார்க்கலாம்.

வட்டத்தில் பேச ஒரு கேள்வி: உங்கள் கடையின் சென்ற மாத நஷ்டத்தை, தொகையோடு, வீட்டுக்கு வெளியே யாரிடம் சொல்வீர்கள்? பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் இல்லாதவர்கள் வெறும் தாளோடு வரலாம், அவர்களிடமிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.