பி.டி. சார் சொன்னால் பிள்ளை சாப்பிடும்

குறுவட்டப் போட்டி நெருங்கும்போது, மைதானத்தில் ஓடும் பிள்ளைகளின் பைகளில் டப்பாக்கள் தென்படத் தொடங்குகின்றன. வைட்டமின் சி மாத்திரை, வைட்டமின் ஈ கேப்ஸ்யூல், ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று பெரிதாக அச்சிட்ட பொடி. தசைவலி போகும், களைப்பு தெரியாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ‘யாரோ’ பல நேரம் உடற்கல்வி ஆசிரியர். அம்மா கெஞ்சியும் கீரை தொடாத பிள்ளை, பி.டி. சார் ஒரு வார்த்தை சொன்னால் எதையும் விழுங்கிவிடும். அந்த வார்த்தைக்குப் பொறுப்பேற்பதும் பாடம் நடத்துவதைப் போலவே ஆசிரியர் வேலைதான்.

செய்யக்கூடாதவை

பயிற்சிக் காலத்தில் தினமும் வைட்டமின் சி, ஈ மாத்திரை போடச் சொல்லாதீர்கள். ஓடும்போது தசை பல மடங்கு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. கூடவே ஃப்ரீ ராடிக்கல்களும் உண்டாகின்றன. விளம்பரங்கள் இவற்றை முழு எதிரியாகக் காட்டுகின்றன. ஆனால் பாரம் கூடிவிட்டது என்று தசைக்கு அறிவிப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தச் செய்தி கிடைத்தால்தான் செல்கள் புது மைட்டோகாண்ட்ரியாக்களை உருவாக்குகின்றன. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற சொந்தக் காவல் நொதிகளைப் பெருக்குகின்றன. மாத்திரை அளவு மிஞ்சும்போது அந்தச் செய்தி அமுங்குகிறது.

ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற எலிகளின் நீண்ட ஓட்டத்திறன் கூடுவதை வைட்டமின் சி தடுத்தது. மறு ஆண்டு ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அல்லவா, அந்தப் பலன் மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2014இல் வெளியான நார்வே ஆய்வு 11 வாரம் நடந்தது. மாத்திரை எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா புரதம் எதிர்பார்த்தபடி கூடவில்லை. ஆனால் ஆக்ஸிஜனை உள்வாங்கும் திறன் இரு குழுவிலும் ஒரே மாதிரி உயர்ந்தது. ஆகவே, மாத்திரை போட்டால் ஓட்டமே போய்விடும் என்று பயமுறுத்த வேண்டாம். பலன் இல்லை, பயிற்சியின் உள்வேலை கெடலாம் என்று சொன்னால் போதும். மனிதர்களிடம் நடந்த இந்தச் சோதனைகள் பெரியவர்களிடம் நடந்தவை. வளரும் பிள்ளையிடம் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

‘மூலிகை’, ‘இயற்கை’ என்ற லேபிளை நம்பிப் பொடி வாங்கச் சொல்லாதீர்கள். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94இல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருட்கள் இருந்தன. உடலில் தடைசெய்த பொருள் இருந்தால் பொறுப்பு விளையாடியவரைச் சேரும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் மட்டும் குற்றம் நீங்காது. சிக்கியது சிறார் என்றால், பயிற்சி கொடுத்தவரையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கிறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு.

டப்பா விற்காதீர்கள். கடையைக் கைகாட்டிக் கமிஷன் வாங்காதீர்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

தோற்றுவந்த பிள்ளையின் எடையையும் சாப்பாட்டையும் அணியின் முன் நிறுத்திப் பேசாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

செய்ய வேண்டியவை

முதலில் தட்டைப் பாருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லியில் அதைவிடவும் அதிகம். முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் நிறைய. கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வேர்க்கடலையில் வைட்டமின் ஈ, சத்துணவு முட்டையில் செலினியம். விலை உயர்ந்த டப்பா தருவதாகச் சொல்வதில் பெரும்பகுதி தெருமுனைத் தள்ளுவண்டியிலும் கொல்லைப்புறத்திலும் கிடைக்கிறது. பழத்திலும் கீரையிலும் வரும் அளவு பயிற்சியின் பலனைக் கெடுப்பதில்லை.

வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளை யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் தேவை ஆன்டிஆக்ஸிடன்ட் அல்ல, ஒரு வாழைப்பழமும் கடலை மிட்டாயும். சோறு போதாத உடம்புக்கு வைட்டமின் பற்றிப் பேசுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சோர்ந்துவிழும் மாணவியைச் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் இரத்தசோகையை நினையுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வகுப்பில் மாத்திரை கொடுக்கும் நேரத்தில் உங்கள் அணிப் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தால், அவர்களுக்கு விட்டுப்போகும். அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். உடனே டீ குடிக்க வேண்டாம், டீ இரும்பு சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். வைட்டமின் சி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. மூச்சு வாங்குதலும் தலைச்சுற்றலும் தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மருந்தையும் அளவையும் மருத்துவர் சொல்லட்டும்.

பெற்றோருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். பெற்றோரை அவ்வப்போது சந்தித்துப் பிள்ளையைப் பற்றிய தகவல்களைச் சொல்வது, கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியருக்கு வைத்துள்ள கடமைகளில் ஒன்று. பயிற்சிக் குறிப்பேட்டில் ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: எந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பிடச் சொன்னீர்கள், எந்தத் தேதியில், எதற்காக, வீட்டில் யாரிடம் தெரிவித்தீர்கள். பிள்ளை தானாக வாங்கிவந்த டப்பா இருந்தால் அதன் பெயரையும் எழுதி, பின்பக்க லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். தலைமையாசிரியர் கேட்டாலும், பெற்றோர் கேட்டாலும், மருத்துவர் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.