மண்ணீரலை அகற்ற எந்த வழி?

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், பிள்ளைகளின் இடப்புற விலாவின் கீழே கைவைத்து, மண்ணீரல் பருத்தோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்தார். தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதை அக்கணக்கே காட்டிற்று. சதுப்பு நிலங்களின் நீரை வடித்ததும் கிள்ளானில் நோய் தணிந்தது.

இன்று மண்ணீரலை அகற்ற நேர்வது பெரும்பாலும் வேறு காரணங்களால். தாலசீமியா கண்ட சிலருக்கு அது வரம்பு மீறிப் பருத்து, ஏற்றும் இரத்தத்தையும் விரைவில் அழித்துவிடுகிறது. மருந்துக்கு இணங்காத வேறு சில இரத்த நோய்களும் உள. அறுவை என்றதும் பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆயினும், எவ்வழியில் செய்வீர்கள் என மருத்துவரைக் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.

முன்னர் வயிற்றை நீளக் கிழித்தே எடுத்தனர். 1991ஆம் ஆண்டு பிரான்சில் சிறு துளைகளின் வழியே அதனை அகற்றிக் காட்டினர். வயிற்றினுள் கரியமில வாயு செலுத்தி, ஒரு துளையில் ஒளிக்கருவியும் மற்றவற்றில் கத்தரி முதலியனவும் நுழைப்பர். வலி குறைவு; விரைவில் வீடு திரும்பலாம்.

இதிலும் இரு வகை உண்டு. நோயாளியை மல்லாத்திக் கிடத்துவது ஒன்று. அப்போது மண்ணீரல் இரைப்பைக்குப் பின்னே ஒளிந்திருக்கும். அதனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேலை செய்தல் வேண்டும். வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துவது மற்றொன்று. இரைப்பையும் குடலும் தம் எடையாலேயே விலகிவிட, மண்ணீரல் கொடியில் தொங்கும் காய்போல் நிற்கும். இரத்தக் குழாய்களும் கணையத்தின் நுனியும் தெளிவாய்த் தெரியும். கணையத்தில் கத்தி பட்டால் பெருந்தொல்லை. ஆகவே மண்ணீரல் மிகப் பருக்காதவர்க்குப் பலர் இம்முறையையே விரும்புகின்றனர்.

எனினும், இவ்விரத்த நோய்களில் பித்தப்பைக் கல்லும் சேர்ந்து வருவதுண்டு. அதனையும் உடன் எடுக்க மல்லாந்த நிலையே வசதி. மண்ணீரல் மிகப் பெரிதாயின் குழாய்களை முதலில் முன்புறமிருந்து கட்டிவிடுவர். அன்றி, வயிற்றைத் திறந்தே எடுப்பர். துளைவழி தொடங்கிய பின் இரத்தம் பெருகினால் வயிற்றைத் திறப்பதும் உண்டு. அது மருத்துவரின் தோல்வியன்று என்பதே எம் கருத்து.

எவ்வழியாயினும், அறுவைக்கு இரு வாரமேனும் முன்னர்த் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணீரல் இல்லாதவர்க்குக் கிருமி இரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். காய்ச்சல் கண்டால், விடியட்டும் எனக் காத்திராது அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்று, மண்ணீரல் இல்லை என்பதை முதலில் கூறுக. மலேரியாவும் இவர்களைக் கடுமையாகத் தாக்கும். குரங்குகளிடமிருந்து கொசுவழி பரவும் வகை நம் நாட்டுக் காட்டோரங்களில் இன்றும் உண்டு. காட்டையொட்டிய நிரைகளில் பால் சீவச் செல்வோர் இதனையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.