படகில் ஏற்றிய பொருள்கள்

நிலவழியே பயணம் செய்வோர் ஒரு பொருளை மறந்து வந்துவிட்டால், அடுத்த ஊரில் அதனை வாங்கிக்கொள்ளலாம். கரையை விட்டு நெடுந்தொலைவு சென்ற பாய்மரப் படகில் இருப்போருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எடுத்து வராத பொருள் அவர்களுக்கு இல்லாத பொருளே. மறந்துவிடுவோமோ என்று அஞ்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளவும் இயலாது. படகின் இடம் சிறிது. தாங்கும் எடைக்கும் எல்லை உண்டு. ஆதலின், கடலோடிகள் தம் மூட்டையைக் கட்டும்போதே பயணத்தின் பாதி முடிவாகிவிடுகிறது எனலாம். 1916ஆம் ஆண்டில் தென்கடலில் ஒரு சிறு படகில் சென்ற ஆறு பேர் கதையில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்னும் ஆய்வாளர், தென்துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கடக்க எண்ணி, 1914ஆம் ஆண்டில் ‘என்டியூரன்ஸ்’ என்னும் கப்பலில் புறப்பட்டார். அவருடன் சேர்த்து அக்கப்பலில் இருந்தோர் 28 பேர். 1915ஆம் ஆண்டு சனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுக்கிக்கொண்டன. அக்டோபர் மாதத்தில் கப்பல் நொறுங்கத் தொடங்கியது. அனைவரும் மூன்று படகுகளையும் இழுத்துக்கொண்டு பனிப்பரப்பின்மேல் இறங்கினர்.

பனியின்மேல் நின்று ஷாக்கிள்டன் இட்ட முதல் கட்டளைகளுள் ஒன்று மூட்டையைப் பற்றியதே. உடுத்தியிருக்கும் உடையும் படுக்கையும் நீங்கலாக, ஒவ்வொருவரும் 2 பவுண்டு எடைக்குமேல் சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளலாகாது என்றார். முதலில் தம் சட்டைப் பையிலிருந்த தங்க நாணயங்களை எடுத்துப் பனியில் எறிந்தார். அரசி ஒருவர் அன்புடன் அளித்த மறைநூலையும், இரண்டொரு தாள்களை மட்டும் கிழித்துக்கொண்டு, அங்கேயே விட்டார். ஒளிப்படக் கலைஞராகிய ஃபிராங்க் ஹர்லி, தாம் அரும்பாடுபட்டு எடுத்த கண்ணாடித் தகடுகளுள் ஏறத்தாழ 120 தகடுகளை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டு, எஞ்சிய 400 தகடுகளையும் உடைத்துவிட்டார். பின்னர் மனம் மாறி எடுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது என்பதே உடைத்ததற்குக் காரணம்.

இத்தகைய கண்டிப்புக்கு இடையே, 12 பவுண்டு எடையுள்ள ஒரு பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியை எடுத்து வருமாறு தலைவரே வற்புறுத்தினார். தங்கத்தை எறிந்தவர் இசைக்கருவியைச் சுமக்கச் சொல்வது வியப்பன்றோ? பசியும் குளிரும் வருத்தும் நீண்ட இரவுகளில் மனம் தளராதிருக்கப் பாட்டு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1916ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 28 பேரும் ‘யானைத் தீவு’ எனப்படும் பாறைத் தீவை அடைந்தனர். அங்கு மனிதர் வாழ்வதில்லை. அவ்வழியே கப்பல் செல்வதும் இல்லை. உதவி வேண்டுமாயின், ஏறத்தாழ 800 கடல் மைலுக்கு அப்பாலுள்ள தென் ஜார்ஜியா தீவின் திமிங்கில வேட்டை நிலையங்களையே அடைதல் வேண்டும். ஷாக்கிள்டன் ஐவரைத் தேர்ந்துகொண்டு, ‘ஜேம்ஸ் கேர்டு’ என்னும் படகில் செல்லத் துணிந்தார். 22 பேர் தீவிலேயே தங்கினர். படகு திரும்பாவிடில் அவர்களுக்கும் மீட்சி அரிது.

படகின் நீளம் இருபத்திரண்டரை அடி. அது மேல்தளம் இல்லாத திறந்த படகு. தச்சராகிய ஹாரி மக்னிஷ், சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டிப் பலகைகளையும் சேர்த்து அதற்கு ஒரு கூரை அமைத்தார். மேலே போர்த்தக் கிடைத்த கித்தான் துணியோ உறைந்து பலகைபோல் விறைத்திருந்தது. சீல் கொழுப்பை எரித்த தீயில் சிறிது சிறிதாக அதனை இளக்கி, விரல்கள் மரத்துப்போகத் தைத்தனர். பலகை இடுக்குகளில் விளக்குத் திரியைத் திணித்து, ஓவியர் ஒருவர் வைத்திருந்த எண்ணெய் வண்ணத்தையும் சீலின் குருதியையும் பூசிக் கலப்பற்று செய்தனர்.

பின்னர்ப் பொருள்களைத் தேர்ந்தனர். உணவுப் பெட்டிகள், ஏறத்தாழ 600 ரொட்டிகள், சர்க்கரைக் கட்டிகள், பால்பொடி, உப்பு, 36 காலன் நன்னீர், பனிக்கட்டி. பிரைமஸ் என்னும் மண்ணெண்ணெய் அடுப்புகள் இரண்டு, அவற்றிற்குரிய உதிரி உறுப்புகள், ஆறரை காலன் மண்ணெண்ணெய், 30 தீப்பெட்டிகள். திசைகாட்டி, செக்ஸ்டன்ட் என்னும் கோணமானி, கடற்படங்கள். ஆறு உறக்கப் பைகள், மாற்றுக்காகச் சில காலுறைகள். இவையே அவர்கள் கொண்ட செல்வம். நான்கு வாரத்திற்கு மேற்பட்ட உணவை ஏற்ற ஷாக்கிள்டன் மறுத்துவிட்டார். அதற்குள் கரை சேராவிடில் படகும் ஆட்களும் எஞ்சுவது அரிது. அதற்கு மேலான உணவு தீவில் இருப்போர்க்கே பயன்படும் என்று கணக்கிட்டார்.

படகு கவிழாதிருக்க அடிப்பாரம் வேண்டும். கம்பளங்களைப் பைகளாகத் தைத்து, கடற்கரைப் பரலை நிரப்பி அடுக்கினர், கற்களையும் இட்டனர். படகின் மீகாமனாகிய ஃபிராங்க் வொர்ஸ்லி இப்பாரம் மிகையெனக் கருதினார். பளு மிகுந்த படகு மெல்லச் செல்லும். அலைக்கு மேல் எழாமல் நீரை வாரிக்கொள்ளும். ஆனால் கவிழ்ந்த படகை அக்கடலில் நிமிர்த்த இயலாது என அஞ்சிய தலைவர் தம் கருத்தையே நிறுத்தினார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. படகு கவிழவில்லை, ஆயின், பயணம் முழுதும் நனைந்துகொண்டே சென்றது.

நனைவதே அவர்களுக்குப் பெரும்பகையாயிற்று. ஏனெனில் அவர்கள் அணிந்திருந்த உடை கடலுக்கென அமைந்ததன்று. உள்ளே தடித்த கம்பளி உடை. அதன்மேல் கம்பளிச் சட்டையும் காற்சட்டையும். எல்லாவற்றிற்கும் மேலாக நெருங்க நெய்த துணியாலான மெல்லிய மேலங்கி. காலில் இரண்டு சோடிக் காலுறையும் மென்மயிர்த் தோலாலான காலணியும். பனிப்பரப்பில் சறுக்குவண்டி இழுப்போருக்கு இது மிகச் சிறந்த உடை. அங்கே குளிர் கொடிதாயினும் காற்றில் ஈரம் இல்லை. மேலங்கி காற்றைத் தடுக்கும்; கம்பளியின் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று உடலின் சூட்டைக் காக்கும். ஆனால் அம்மேலங்கி காற்றைத் தடுப்பதேயன்றி நீரைத் தடுப்பதன்று. எண்ணெய் தோய்த்த கடலுடை ஒன்றேனும் அவர்களிடம் இல்லை.

அலை மோதியதும் நீர் மேலங்கியைக் கடந்து கம்பளியில் ஊறிற்று; காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்துவது. போதாக்குறைக்கு அது உப்பு நீர். உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், எளிதில் உலராது. இக்காலத்தில் நெடுங்கடலில் பாய்மரப் படகு செலுத்துவோர், வியர்வையை வெளிவிடும் உள்ளுடை, சூடு காக்கும் நடுவுடை, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக மூடிய நீர்புகா மேலுடை என மூன்று அடுக்காக உடுத்துகின்றனர். உலர்ந்த உடை ஒன்றைக் காற்றும் நீரும் புகாத பையில் தனியே கட்டி வைத்தலும் அவர்தம் வழக்கம். அந்த ஆறு பேரோ பல மாதங்களாக மாற்றாத உடையுடன் படகில் ஏறினர்.

ஏப்ரல் 24ஆம் நாள் புறப்படும்போதே தீங்கு நேர்ந்தது. படகைக் கரையிலிருந்து தள்ளுகையில் அது சாய்ந்து, தச்சரும் இன்னொருவரும் நீரில் விழுந்தனர். நனைந்தவர் இனி உலர வழியில்லை என்பதை அறிந்து, கரையில் நிற்பவர்கள் தாம் அணிந்திருந்த, ஓரளவு உலர்ந்த உடையை மாற்றிக் கொடுக்க முன்வந்தனர். மாற்றுடை இல்லாத தீவில் அதனினும் பெரிய கொடை எது? அப்பொழுதே நன்னீர்ப் பீப்பாய் ஒன்று பாறையில் மோதிச் சேதமுற்றது. அதில் கடல்நீர் கலந்தது பின்னரே தெரிய வந்தது. இறுதி நாள்களில் அவர்கள் கடுந்தாகத்தால் வாடினர்.

மூவர் மூவராக முறைவைத்துப் படகைச் செலுத்தினர். ஓய்வு பெற்றவர் கூரையின்கீழ்க் கற்களின்மேல் தவழ்ந்து சென்று உறக்கப் பைக்குள் நுழைவர். அப்பைகள் பனிமான் தோலால் ஆனவை. ஈரத்தில் அவற்றின் மயிர் உதிர்ந்தது, உணவில் விழுந்தது, நீர் இறைக்கும் பொறியை அடைத்தது. ஈரத்துணி உராய்ந்து தொடைகளில் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் உப்பு எரித்தது. ஒருநாள் படகின்மேல் தெறித்த நீர் உறைந்து, பனிக்கட்டி தடித்து ஏறத்தொடங்கியது. படகு அமிழும் நிலையை அடைந்தது. கோடரி கொண்டு பனியை வெட்டினர். மிகையான துடுப்புகளைக் கடலில் எறிந்தனர். உறக்கப் பைகளுள் இரண்டையும் எறிந்தனர். ஈரம் ஊறி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 பவுண்டு எடை ஏறியிருந்தது. உடலைக் காக்க ஏற்றிய பொருளே படகை மூழ்குவிக்கும் சுமையாயிற்று.

அவர்களைக் காத்தது பெரும்பாலும் அந்தச் சிறிய அடுப்பு என்றே சொல்ல வேண்டும். ஆடும் படகில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, அடுப்பைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, சூடான கூழும் பாலும் ஆக்கினர். நான்கு மணிக்கு ஒருமுறை வயிற்றில் சூடு சென்றமையால் உயிர் நின்றது. உணவை எண்ணி எண்ணி ஏற்றிய தலைவர், அடுப்பின் உதிரி உறுப்புகளையும் தீப்பெட்டிகளையும் தாராளமாக ஏற்றியிருந்தார். எங்கே சுருக்குவது, எங்கே மிகையாக வைப்பது என்பதை அவர் அறிந்திருந்தார்.

வழி காட்டியது கோணமானி. கப்பலில் கொண்டுவந்த துல்லியக் கடிகாரங்கள் 24இல் ஒன்றே செவ்வையாக ஓடிக்கொண்டிருந்தது. வானம் ஓயாது மூடியிருந்ததால், வொர்ஸ்லி நான்கு முறையே கதிரவனைக் கண்டு இடம் கணிக்க முடிந்தது. அவர் விழுந்துவிடாமல் தோழர்கள் பற்றிக்கொண்டனர். அக்கணக்கு பிழைபடாமையால், மே மாதம் 10ஆம் நாள் படகு தென் ஜார்ஜியாவின் தென்கரையை அடைந்தது.

வேட்டை நிலையங்களோ வடகரையில் இருந்தன. இடையே எவரும் கடந்தறியாத பனிமலைகள். சிதைந்த படகைக் கடலில் மீண்டும் செலுத்த இயலாதென்று கண்டு, ஷாக்கிள்டனும் வொர்ஸ்லியும் டாம் கிரீனும் மலை கடக்கத் துணிந்தனர். மீண்டும் மூட்டை கட்டும் வேலை வந்தது. இம்முறை உறக்கப் பையையே விட்டுச் சென்றனர். தூங்காமல் நடப்பதென உறுதி கொண்டனர். மூன்று நாள் உணவு, அடுப்பு, 50 அடிக் கயிறு, பனியை வெட்டத் தச்சரின் வாய்ச்சி ஆகியவற்றை எடுத்தனர். தச்சர் படகிலிருந்த திருகாணிகளைக் கழற்றி, வழுக்காதிருக்க அவர்களுடைய காலணியின் அடியில் முடுக்கிக் கொடுத்தார். இவ்வாறு, கடலைக் கடந்த படகின் ஓர் உறுப்பு மலையையும் கடந்தது.

36 மணி நேரம் நடந்து, மே 20ஆம் நாள் ஸ்ட்ரோம்னஸ் நிலையத்தை நெருங்கினர். கிழிந்து நைந்த தம் உடையை அப்பொழுதுதான் நோக்கினர். மக்கள் முன் இக்கோலத்தில் எவ்வாறு செல்வது? வொர்ஸ்லி தம் உடையின் ஏதோ மூலையிலிருந்து சில ஊக்குகளை எடுத்துக் கிழிசல்களைப் பிணைத்தார். அதனால் கிழிசல்கள் முன்னினும் நன்றாகத் தெரிந்தனவாம்! இத்தனை இடரிலும் அவ்வூக்குகளை அவர் பேணி வைத்திருந்தது வியப்பே.

யானைத் தீவை அடைய ஷாக்கிள்டன் செய்த மூன்று முயற்சிகள் பனிக்கட்டியால் தடைப்பட்டன. நான்காம் முறை சிலி நாட்டின் ‘யெல்சோ’ என்னும் சிறு கப்பலில் சென்றார். அங்கே தங்கியோருக்குத் தலைவராக இருந்த ஃபிராங்க் வைல்டு, கடல் பனியின்றித் தெளிந்த நாளெல்லாம் காலையில் தம் உறக்கப் பையைச் சுருட்டிக் கட்டி, இன்று தலைவர் வரக்கூடும், மூட்டைகளைக் கட்டுங்கள் என்று மற்றவர்களையும் ஏவி வந்தார். நான்கு மாதங்கள் அவ்வாறே மூட்டை கட்டி, அவிழ்த்து வந்தனர். 1916ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் கப்பல் கண்ணுக்குத் தென்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் 22 பேரும் அதில் ஏறியிருந்தனர்.