ஒரு புள்ளியால் நின்ற கல்லா

வியாபாரச் சகோதரர்களே, இந்த வாரம் சரக்கை விட்டுவிட்டு, கல்லா மேசையில் இருக்கும் கணினியைப் பற்றிப் பார்ப்போம்.

2007இல் எட்டியாந்தோட்டையில் என் பலசரக்குக் கடைக் கணக்கை பிரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் வைத்திருந்தோம். அது இலவசம்; அதன் மூல நிரலை இறக்கி நாமே புதுப்பித்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் கடன் கணக்கெல்லாம் அதற்குள்தான். சம்பள நாளுக்கு முந்திய இரவு மருமகன் அதைப் புதுப்பித்தான். காலையில் பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. வந்தவர்கள் சொன்ன தொகையையே எழுதி வாங்கினேன். பிறகு கணக்கை மீட்டுப் பார்த்தால், சிலர் கூடுதலாகவே தந்திருந்தார்கள். தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

பிழை எங்கே? அந்நாளில் மூல நிரலை சிவிஎஸ்அப் என்ற கருவி கொண்டுவரும். அதன் அமைப்புக் கோப்பில் எந்தக் கிளை வேண்டும் என்று ஒரு வரியில் எழுத வேண்டும். அங்கே வெறும் புள்ளி ஒன்று இருந்தது. புள்ளி என்றால், இன்னும் செய்துகொண்டிருக்கும் கிளை என்று பொருள்.

“புதிசுதானே நல்லம், மாமா?” என்றான்.

“புகை போடாத இறப்பர் ஷீட்டும் புதிசுதான். யார் வாங்குவார்?” என்றேன்.

சிவிஎஸ்அப் காலம் போய்விட்டது. மூல நிரல் 2008இல் சப்வெர்ஷனுக்கும், 2020 டிசம்பரில் கிட் என்ற முறைக்கும் மாறியது. ஆனால் கிளையைத் தெரியும் வேலை மாறவில்லை:

1. மெயின்: நிரலாளர்கள் அன்றாடம் மாற்றும் கிளை. கடைக்கு ஆகாது.
2. ஸ்டேபிள்: சோதித்த மாற்றங்கள் வரும், ஆனாலும் அடிக்கடி மாறும்.
3. ரெலெங்: வெளியான பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தமும் முக்கியப் பிழைத் திருத்தமும் மட்டும் வரும். கடைக்கு இதுவே.

முதல் தடவை கிட் குளோன் கட்டளையில் ரெலெங் கிளையின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கொடுங்கள். அடுத்த முறைகளில் கிட் புல் போதும். மாறியவை மட்டும் இறங்கும். ஒரு பதிப்புக்கான ஆதரவு முடியுமுன் அடுத்த பதிப்பின் கிளைக்கு மாறிவிடுங்கள்.

தொகுக்குமுன் மூல நிரலுடன் வரும் அப்டேட்டிங் என்ற கோப்பை வாசியுங்கள். கணக்கை வேறொரு வன்தட்டில் பிரதி எடுங்கள். அது திறக்கிறதா என்றும் பாருங்கள். தொகுப்புக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். இயங்குதளத்தில் நீங்கள் எதையும் மாற்றவில்லையென்றால் தொகுப்பே தேவையில்லை. ஆயத்தமாக வரும் திருத்தங்களையே போட்டுக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் சம்பள நாள் கழித்துச் செய்யுங்கள். கடன் வாங்கியவர் நம் ஏட்டை நம்புகிறார். அந்த ஏடு இன்று கணினிக்குள் இருக்கிறது.