கல்லைப் புரட்டுங்க, மேஃப்ளையைக் கண்டுபிடிங்க: அக்காவின் ஓடை டிப்ஸ்

தம்பி, தங்கச்சிகளே! நம்ம ஏரலில் ஓடுற தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, ஸ்ரீவைகுண்டம் அணை தாண்டி நம்மகிட்ட வருது. குற்றாலத்துச் சிற்றாறும் சீவலப்பேரியில் இதோட சேருது. மேலே தண்ணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஓடைக் கல்லுக்கு அடியில் இருக்கிற மேஃப்ளை இளம்பூச்சியைத் தேடினாலே போதும். இது புற்றிலிருந்து கிளம்புற ஈசல் இல்லை. தண்ணிக்குள்ளேயே வளர்ந்து, பிறகு வெளியே வந்து, சிறகோட சில மணி நேரமோ ஓரிரு நாளோ மட்டும் வாழுற பூச்சி.

1. எப்போ, எங்கே?
பொங்கல் கழிஞ்சு, வெள்ளம் தணிஞ்சு, தண்ணி தெளிஞ்ச பிறகு போங்க. கணுக்கால் அளவுத் தண்ணி கல் மேல சலசலன்னு ஓடுற இடம்தான் சரி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம எதையும் பிடிக்கக் கூடாது. மலையில் மேகம் கறுத்தாலோ, தண்ணி திடீர்னு கலங்கினாலோ உடனே கரையேறிடுங்க. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிரையே எடுத்துடுச்சு.

2. என்ன எடுத்துக்கணும்?
வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, மெல்லிசான பெயின்ட் பிரஷ், பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ். உள்ளங்கை அளவுக் கல்லை மெதுவாத் தூக்குங்க, வடிகட்டியை நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாப் பிடிங்க. பூச்சியைப் பிரஷ்ஷால தள்ளி, ஓடைத் தண்ணி ஊத்தின தட்டில் விடுங்க. விரலால் பிடிச்சா காலும் வாலும் ஒடிஞ்சிடும்.

3. மேஃப்ளைதானா?
மூணு அடையாளம் பாருங்க. வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள் இருக்கும். ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே ஒரு நகம். பின்னால பெரும்பாலும் மூணு வால்.

வாலை மட்டும் நம்பாதீங்க. சில மேஃப்ளைக்கு ரெண்டே வால்தான். ஸ்டோன்ஃப்ளைங்கிற இன்னொரு பூச்சிக்கும் ரெண்டு வால் உண்டு, ஆனா அதுக்குக் காலுக்கு ரெண்டு நகம், வயிற்றின் பக்கவாட்டில் செவுள் வரிசை இருக்காது. ஊசித்தட்டான் குஞ்சுக்கு மூணு வால் மாதிரி தெரியறது உண்மையில் தட்டையான செவுள்கள்.

4. எந்தக் குடும்பம்?
- உடம்பு தட்டை, கண் தலைக்கு மேலே, கல்லோட ஒட்டி நகருதா? ஹெப்டஜினிடே.
- அயிரைக் குஞ்சு மாதிரி வெடுக்குன்னு நீந்துதா? பேட்டிடே.
- செவுள் ஒவ்வொண்ணும் ரெண்டாப் பிரிஞ்சிருக்கா? பெரும்பாலும் லெப்டோஃப்ளெபிடே.
- ரொம்பச் சின்னது, முதுகில் ரெண்டு சதுர மூடி மத்தச் செவுள்களை மறைக்குதா? கேனிடே. வண்டலில் வாழ அதுக்கு அந்த மூடிதான் பாதுகாப்பு.

லெப்டோஃப்ளெபிடே குடும்பத்தில் நம்ம குற்றாலத்தின் பெயரையே தாங்கின இனம் ஒண்ணு இருக்கு: பீட்டர்சுலா கோர்டாலென்சிஸ். 1984-இல் விலங்கியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவிச்சார்.

5. தண்ணியைப் பற்றி என்ன சொல்லுது?
நீர்ப்பூச்சிகளை வச்சுத் தண்ணியின் சுத்தத்தைக் கணக்கிட பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறையில் ஹெப்டஜினிடே, லெப்டோஃப்ளெபிடே ரெண்டுக்கும் முழு 10 மதிப்பெண். கேனிடேக்கு 7, பேட்டிடேக்கு 4. அதிக மதிப்பெண் உள்ள பூச்சி அழுக்கைத் தாங்காது. அதனால் அது இருக்கிற இடம் சுத்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ப் பக்கம் ஆறு மணலில் மெதுவா ஓடுது. கல்லோட ஒட்டி வாழுற பூச்சி இங்கே கிடைக்கலைன்னு உடனே ஆறு கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. ஒரே மாதிரியான ரெண்டு இடத்தை ஒப்பிடுங்க: குளிக்கிற துறைக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. மேலே நாலு குடும்பமும் கீழே ஒண்ணும் கிடைச்சா, நடுவில் என்ன கலக்குதுன்னு தேடணும்.

6. பார்த்து முடிச்சதும்
போட்டோ எடுங்க. இடம், தேதி, என்ன குடும்பம்னு நோட்டில் எழுதுங்க. வெயில் சூட்டில் தட்டுத் தண்ணி சீக்கிரம் சூடாகும், ஆக்சிஜன் குறையும். அதனால் சில நிமிஷத்துக்குள்ள பூச்சியை எடுத்த இடத்திலேயே விடுங்க. கல்லையும் எந்தப் பக்கம் இருந்ததோ அப்படியே வைங்க, அடியில் முட்டை இருக்கலாம்.

பாபநாசத்தில் பரிகாரம்னு ஆத்தில் விடுற பழைய துணியும், படித்துறையில் கரையுற சோப்பும் ஷாம்புவும் இந்தச் செவுள்காரங்களைப் பாதிக்குது. ஏரலுக்கு ஆடி அமாவாசைக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட நீங்களே சொல்லுங்க: ஆத்தில் முங்கிக் குளிங்க, சோப்பை வீட்டில் வச்சுட்டு வாங்க, துணியைத் தண்ணியில் விடாதீங்க.