ஒன்றாம் தேதி கவலை வேண்டாம்

எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பில் டேபிளை மாதவாரியாகப் பிரித்திருக்கிறோம். மாதம் பிறந்தால் புது பார்ட்டிஷனை நான்தான் கையால் உருவாக்குகிறேன். தானாக நடக்காதா?

தாராளமாக நடக்கும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து டேபிளைப் பிரிக்கும் வசதி போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. அடுத்த மாதத்துக்கான பார்ட்டிஷனை மட்டும் அது தானே உருவாக்காது. அதற்கு 'பிஜி பார்ட்மேன்' என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். வழக்கமாக நான்கு மாதத்துக்கு முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடும். எத்தனை மாதம் போதும் என்று சொல்லிவிட்டால் பழையவற்றைக் கழற்றியும் விடும். அதன் பராமரிப்பு வேலை தினமும் இரவில் ஓடும்படி 'பிஜி கிரான்' வைத்துவிடுங்கள்.

வேகம் வேண்டுமென்றால், குவெரியின் 'வேர்' பகுதியில் பில் தேதி கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் எல்லா பார்ட்டிஷன்களையும் துழாவும், பிரித்ததே வீண். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டுப் பாருங்கள், எத்தனை பார்ட்டிஷனைத் தொடுகிறது என்று தெரிந்துவிடும்.