ஸ்குவாட் அளவிலான போர் விளையாட்டு: எந்த விதிப்புத்தகத்தை வாங்கலாம்?
நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேசைமீது வீரர் பொம்மைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய காலத்தில் பொம்மைப் பீரங்கியில் சிறு மரக்குச்சியைப் போட்டுச் சுட்டு எதிரியைச் சாய்த்தார்கள். இன்று அந்த வேலையைப் பகடையும் அளவுநாடாவும் செய்கின்றன. இக்காலத்துச் சண்டையை, அதுவும் எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஒரு ஸ்குவாட் அளவில் ஆட ஆசைப்படுகிறவர் முதலில் திணறுவது விதிப்புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றி வாய்வழியாகப் பரவிய நம்பிக்கைகள் அதைவிட நிறைய. என் கருத்து இதுதான்: தோட்டா பறக்கும் நேரத்தில் ஸ்குவாட் தலைவர் எதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்குமோ, அதைப் பற்றி நம்மையும் முடிவெடுக்க வைக்கும் விதியே நல்ல விதி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நம்பிக்கை: அட்டவணைகள் கூடக் கூட நிஜத்துக்கு நெருக்கம் கூடும்.

இந்த எண்ணத்தின் உச்சத்தை 1986-இல் லீடிங் எட்ஜ் கேம்ஸ் வெளியிட்ட ‘ஃபீனிக்ஸ் கமாண்ட்’ விதிகளில் பார்க்கலாம். இரண்டு விநாடி ஒரு கட்டம், அதற்குள் அரை விநாடித் துண்டுகள் நான்கு. தோட்டா உடம்பில் எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதற்கெல்லாம் தனித்தனி அட்டவணை. துப்பாக்கியின் பௌதிகத்தை நேசிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு ஸ்குவாட் தெருவைக் கடப்பதை அதில் ஆடிப் பார்த்தால், ஆடுபவரின் கவனம் முழுக்க ஒரு தோட்டாவின் பாதையில் போய்விடுகிறது. ஸ்குவாட் தலைவருக்கு அந்தக் கவலை கிடையாது. யாரை முன்னே அனுப்புவது, யாரைச் சுடச் சொல்வது என்பதே அவர் கவலை.

ஆம்புஷ் ஆலி கேம்ஸ் உருவாக்கி ஆஸ்ப்ரே 2011-இல் பதிப்பித்த ‘ஃபோர்ஸ் ஆன் ஃபோர்ஸ்’ இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. அங்கே துப்பாக்கியின் பெயர் பெரிய விஷயமே இல்லை. அதைப் பிடித்திருப்பவரின் பயிற்சிதான் பகடையைத் தீர்மானிக்கிறது. பயிற்சி குறைந்தவருக்கு ஆறுமுகப் பகடை, தேர்ந்தவருக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு முகம் வரை. நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறுமுகத்தில் 50 சதவீதம், எட்டில் 62.5, பத்தில் 70, பன்னிரண்டில் 75. சுடுபவரின் ஒவ்வொரு வெற்றியையும், தற்காப்பவர் அதற்குச் சமமாகவோ மேலாகவோ போட்ட பகடை ரத்து செய்துவிடும். அட்டவணையைப் புரட்டவே வேண்டாம். அதே ஏகே துப்பாக்கி அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஊர்ப்படையின் கையில் ஒரு விதமாகவும், கமாண்டோ கையில் வேறு விதமாகவும் பேசுவது இரண்டே பகடை வீச்சில் தெரிந்துவிடுகிறது.

விவரம் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்துச் சண்டைகளை மையமாக வைத்த ‘ஸ்கிர்மிஷ் சாங்கின்’ ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனித் திறன் எண்கள் கொடுத்து, சதவீதப் பகடையால் ஆட வைக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஆறேழு பேர் என்றால் அது சுகமான ஆட்டம். ஒவ்வொரு வீரரும் மனதில் நிற்பார். இருபது பேரை இறக்கினால் மூச்சு முட்டும். எத்தனை பொம்மைகளோடு ஆடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: துப்பாக்கிக்குச் சரியான தூரம் குறித்திருப்பதே நல்ல விதிக்கு அடையாளம்.

அளவுகோலை எடுத்துவைத்துப் பார்த்தால் இது நிற்காது. 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறத்தாழ 1-க்கு 56 என்ற விகிதம். ஆறடிக்கு நாலடி மேசை நிஜ உலகில் சுமார் 100 மீட்டருக்கு 68 மீட்டர் நிலம். ஒரு தெருவும் அதன் இரு பக்க வீடுகளும் அடங்கும், அவ்வளவுதான். இக்கால ரைஃபிள் 300 மீட்டருக்குத் தாராளமாகப் பேசும். அந்த விகிதத்தில் மேசைமீது அது ஐந்து மீட்டருக்கு மேல். வரவேற்பறையைத் தாண்டிப் போய்விடும். ரைஃபிளுக்கு 24 அங்குலம் என்று எழுதியிருக்கும் விதியில் உங்கள் வீரர் 34 மீட்டருக்கு அப்பால் சுட முடியாதவராகிறார். பொம்மையைச் சிறிதாக்கினாலும் பெரிய மாற்றமில்லை: 1-க்கு 72 விகிதத்தில்கூட 300 மீட்டர் என்பது நாலு மீட்டரைத் தாண்டுகிறது.

தூரத்தைச் சுருக்கும் விதிகள் நகர்ந்து விளையாட இடம் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கின்றன. அதில் ஏமாற்று ஏதுமில்லை. இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகளில் இது பழகிப்போன ஏற்பாடு. ஆனால் இக்கால ஸ்குவாட் சண்டைக்கு, மேசையில் கண்ணுக்குத் தெரியும் எதையும் சுடலாம் என்ற விதியே பொருந்தும். ‘ஃபோர்ஸ் ஆன் ஃபோர்ஸ்’ அப்படித்தான் செய்கிறது; அருகில் சுட்டால் கூடுதலாக ஒரு பகடை, மற்றபடி எல்லையில்லை. அப்படியானால் பாதுகாப்பு எங்கே? சுவர், கதவு, சாக்கடை, நிறுத்திவைத்த லாரி. அதனால் காசை எல்லாம் பொம்மையில் கொட்டாமல் கட்டடங்களுக்கும் ஒதுக்குங்கள். வெட்டவெளி மேசையில் எந்த இக்கால விதியும் இரண்டே முறையில் முடிந்துவிடும்.

நம்பிக்கை: ஒரு பக்கம் முழுவதும் ஆடி முடித்த பின் மறுபக்கம் ஆடுவதே சுலபம், மற்றதெல்லாம் வீண் சிக்கல்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு விதிப்புத்தகத்தின் தரம் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. ஒரு தெருவைக் கற்பனை செய்யுங்கள். இந்தப் பக்கச் சுவரோரம் உங்கள் நான்கு பேர். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் எதிரியின் பிகேஎம் இயந்திரத் துப்பாக்கி. ஒருவர் பின் ஒருவராக ஆடும் பழைய முறையில், உங்கள் முறை வந்ததும் நால்வரும் தெருவைக் கடந்து, கதவை உடைத்து, கையெறி குண்டை வீசி முடித்துவிடலாம். மாடியில் இருப்பவர் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார், அவர் முறை இன்னும் வரவில்லை என்பதால். இது சுலபம்தான், ஆனால் இதில் சண்டையே இல்லை.

எதிர்வினை விதி உள்ள விளையாட்டில் முதல் வீரர் சுவரைவிட்டு வெளியே கால் வைத்ததும் மாடியில் இருப்பவர் குறுக்கிடலாம். யார் முந்துகிறார் என்று இருவரும் பகடை போடுகிறார்கள். சில விதிகளில் அந்தத் துப்பாக்கி திரும்பத் திரும்பக் குறுக்கிட்டால் அதன் பலம் குறைந்துகொண்டே வரும். இப்போது உங்களுக்கு உண்மையான கேள்வி வருகிறது: இரண்டு பேரை ஜன்னலை நோக்கிச் சுடவிட்டு மற்ற இருவரை ஓடவிடுவதா, புகைக்குண்டு போடுவதா, பின்சந்து வழியாகச் சுற்றுவதா? ஸ்பெயினின் ‘இன்ஃபினிட்டி’, டூ ஹவர் வார்கேம்ஸின் ‘செயின் ரியாக்‌ஷன்’ இரண்டுமே இந்த எண்ணத்தைத் தத்தம் பாணியில் செய்தவை.

இதோடு ஒட்டியது, உயிரிழப்பு இல்லாமலே ஒரு குழு முடங்கிப்போகும் விதி. இக்காலச் சண்டையில் பெரும்பாலான சூடு எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்வதற்கே. 1996-இல் வந்த ‘ஸ்டார்கிரண்ட் 2’ அறிவியல் புனைவு விளையாட்டாக இருந்தாலும் இதை அருமையாகச் செய்தது. சூடு வாங்கிய குழுவின் மேல் அடக்க அடையாளம் விழும், அடுக்காக மூன்று வரை. அவற்றை ஒவ்வொன்றாக அகற்றத் தலைவர் நேரம் செலவழிக்க வேண்டும், பகடையிலும் தேற வேண்டும். ‘செத்தார் அல்லது நலமாக இருக்கிறார்’ என்ற இரண்டே நிலை உள்ள புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

நம்பிக்கை: இரண்டாம் உலகப் போர் விதியில் துப்பாக்கிப் பெயரை மாற்றினால் போதும்.

ஓரளவுக்குப் போதும். ‘செயின் ஆஃப் கமாண்ட்’ விளையாட்டில் சண்டைக்கு முன் ரோந்துக் கட்டம் என்று ஒன்று வரும். அது எந்தக் காலத்துக்கும் பொருந்தும் அருமையான யோசனை. ஆனால் அமைப்பு மாறிவிட்டது. அன்றைய பிரிட்டிஷ் ஸ்குவாடான செக்‌ஷன் ஒரே ஒரு பிரென் துப்பாக்கியைச் சுற்றி இயங்கியது. இன்று அதே செக்‌ஷனில் எட்டுப் பேர், நால்வர் கொண்ட இரண்டு ஃபயர் டீம்கள். அமெரிக்கத் தரைப்படை ஸ்குவாட் ஒன்பது பேர், மரீன்களில் நெடுங்காலம் பதின்மூன்று. ஒரு டீம் சுட, மற்றது நகரும். எனவே ஸ்குவாடைப் பிரித்து ஆட அனுமதிக்காத விதி, புதுச் சட்டை போட்ட பழைய போர்.

நம்பிக்கை: போரில் நால்வரில் ஒருவர்தான் சுடுவார் என்பது நிரூபணமான உண்மை, விதியிலும் அது இருக்க வேண்டும்.

அமெரிக்க இராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-இல் எழுதியதிலிருந்து வந்த எண் இது. அதற்கு முறையான தரவு ஏதும் தென்படவில்லை என்று ரோஜர் ஸ்பில்லர் 1988-இல் கட்டுரை எழுதிய பிறகு வரலாற்றாசிரியர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் தொடுகிறார்கள். முன்னுரையில் இந்த எண்ணை அடித்தளமாகக் காட்டும் புத்தகத்தை எச்சரிக்கையோடு படியுங்கள்.

நம்பிக்கை: இரு பக்கப் படைக்கும் சம மதிப்புப் புள்ளி இருந்தால்தான் நியாயமான ஆட்டம்.

1993 அக்டோபர் 3 அன்று சோமாலியாவின் மொகதிஷுவில் நடந்த சண்டையில் அமெரிக்கர்களிடம் பயிற்சி இருந்தது, ஹெலிகாப்டர் இருந்தது. எதிர்ப்பக்கம் ஆள் பலம் இருந்தது, ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரிந்திருந்தது. தாங்கள் பிடிக்க வந்த ஆட்களை அமெரிக்கர்கள் பிடித்துவிட்டார்கள். அதற்குள் இரண்டு பிளாக் ஹாக் விழுந்து, 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். சோமாலியர் தரப்பில் உயிரிழப்பு அதைப்போலப் பல மடங்கு. யார் ஜெயித்தது? இதைச் சமப் புள்ளிக் கணக்கில் அடைக்க முடியாது. நியாயத்தைக் கொண்டுவர வேண்டியது இலக்கு: ஒரு பக்கத்துக்குக் காயம்பட்டவரை விட்டுவிடாமல் மீட்பது, மறுபக்கத்துக்கு நேரத்தை இழுப்பது. காயம்பட்டவரைத் தூக்கிச் செல்லும் பாரம் குழுவின் வேகத்தையும் சூட்டையும் பாதிக்கும்படி எழுதப்பட்ட விதிகள் இதற்கு வேண்டும்.

நம்பிக்கை: எதிராளியும் பெரிய பணமும் இல்லாமல் தொடங்க முடியாது.

‘செயின் ரியாக்‌ஷன்’ இலவசமாகவே வெளியானது. எதிரியின் நடத்தையைப் பகடையே தீர்மானிப்பதால் தனியாக ஆடலாம். காகித வீரர்கள், அட்டைப்பெட்டி வீடுகள், ஆறுமுகப் பகடை போதும்.

கடைசியாக ஒன்று. போரை வாசலிலேயே பார்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பொம்மை வைத்து ஆடுவதா என்று அவர்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. இக்காலச் சண்டை பெரும்பாலும் மக்கள் வாழும் தெருவில் நடக்கிறது. அந்தத் தெருவில் பொதுமக்களே இல்லாததுபோல் எழுதப்பட்ட விதி, எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பொய். ஆம்புஷ் ஆலி விதிகளில் பொதுமக்கள் கூட்டம் மேசைக்கு வருகிறது. கண்மூடிச் சுட முடியாத நிலை ஆடுபவருக்கு வருகிறது. நீங்கள் வாங்கும் புத்தகத்தில் அப்படி ஓர் அத்தியாயம் இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்: பொதுமக்களில் ஒருவர் விழுந்தாலும் சுட்ட தரப்புக்கு அந்த ஆட்டத்தில் வெற்றி கிடையாது.